ஜிம்முக்குப் போறீங்களா? துண்டை மறக்காதீங்க!

வெயிட் குறையணும், சுகர் கட்டுக்குள் வரணும் என்று ஒரு வழியாக ஜிம்மில் சேர்ந்துவிட்டீர்களா? சபாஷ்! புது ஷூ, டிராக் பேன்ட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கியாச்சு. இன்னும் ஒரு பொருள் பாக்கி இருக்கிறது. துண்டு! அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

"துண்டு எதுக்குங்க? அங்கேதான் ஏ.சி. ஓடுதே!" என்கிறீர்களா? காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

காலையிலிருந்து ராத்திரி வரை யார் யாரோ வெறும் கையும் கழுத்துமாக, வியர்வை சொட்டச் சொட்டப் படுத்து எழுந்திருக்கும் பெஞ்சில்தான் நீங்களும் படுக்கப் போகிறீர்கள். பலருடைய தோலிலும் மூக்கிலும் 'ஸ்டஃபைலோகாக்கஸ்' என்ற பாக்டீரியா சத்தமில்லாமல் குடியிருக்கும். தோலில் சின்னதாக ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும், உள்ளே புகுந்து சீழ்க்கட்டி கிளப்பிவிடும்.

இன்னொரு ஆசாமி, படர்தாமரை. இது ஒருவகைக் காளான். வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரித்து எடுக்கும். வியர்வை தங்கும் தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். தொட்டால் ஒட்டும், துண்டு, விரிப்பு மூலமும் வரும். ஜிம்முக்குப் போகிறவர் ஒருத்தர்தான். ஆனால் அவர் துடைத்த துண்டிலேயே மனைவியும் குழந்தையும் துடைத்தால்? வீடு முழுக்கச் சொறிய வேண்டியதுதான்!

"மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கித் தடவினால் போச்சு" என்று நினைக்காதீர்கள். அப்படிக் கேட்டு வாங்கும் க்ரீம் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும். காளான் மட்டும் உள்ளுக்குள் படரும். டெர்பினாஃபின் என்ற முக்கிய மருந்துக்கே பல நேரம் அசராத ஒரு காளான் வகைக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்தீர்களா?

ஆக, ஜிம்மில் நாகரிகமாக நடந்துகொள்வது வெறும் மரியாதை மட்டுமல்ல. அது நம் எல்லோருடைய ஆரோக்கியமும்கூட!

இரண்டு துண்டுக் கணக்கு

ஒன்று பெஞ்சில் விரிக்க. மற்றொன்று முகம், கழுத்து துடைக்க. இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். எழுந்ததும் பெஞ்சையும் கைப்பிடியையும் துடைத்துவிடுங்கள். கிருமிநாசினி ஸ்ப்ரே இருந்தால், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாக விட்டுத் துடைப்பதுதான் சரி. அடித்த கையோடு துடைத்தால் பாதிப் பலன்தான்.

வெளியே போட்டு நடந்த ஷூவோடு உள்ளே போகாதீர்கள். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வருகிறோம்? அதே பழக்கம்தான். ஜிம்முக்கென்று தனி ஷூ.

உடம்பில் படர்தாமரையோ, சீழ்க்கட்டியோ, ஜுரமோ இருந்தால் டாக்டர் சொல்லும்வரை லீவு போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்த இடத்தில் வையுங்கள்

தரையில் விட்டுவிட்டுப் போன டம்பெல்லில் அடுத்தவர் கால் இடறினால் என்ன ஆகும்? ராடில் மாட்டிய வெயிட்டைக் கழற்றாமல் போனால், பின்னால் வரும் மெலிந்த பெண்ணோ வயதானவரோ அதோடு மல்லுக்கட்ட வேண்டும். கழற்றும்போதும் ஒரு பக்கம் மட்டும் மொத்தமாக உருவாதீர்கள்! மறுபக்கம் கனத்து, ராடு சட்டென்று கவிழும். பெரிய ராடு மட்டுமே 20 கிலோ. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கழற்றுங்கள்.

டிரெட்மில்லை ஓட விட்டுவிட்டு இறங்காதீர்கள். பெல்ட் முழுக்க நின்ற பிறகே இறங்குங்கள். ஓடுவது தெரியாமல் இன்னொருவர் கால் வைத்தால், தூக்கி எறிந்துவிடும்.

கேட்டால் தப்பில்லை

பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செட்டுக்கு நடுவே ஓரிரண்டு நிமிடம் ஓய்வு தேவைதான். அந்த நேரத்தில் இன்னொருவர் ஒரு செட் முடித்துவிடலாமே! "எத்தனை செட் பாக்கி தம்பி? நடுவுல நானும் போட்டுக்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். துடைக்காமல் எழுந்தவரிடம், "சார், கொஞ்சம் தொடைச்சுட்டுப் போயிடறீங்களா?" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் கேட்காமலே அட்வைஸ் வேண்டாம். அதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். பெண்கள் பயிற்சி செய்யும்போது உற்றுப் பார்ப்பதும், செல்போனில் படம் எடுப்பதும் கூடவே கூடாது. சங்கடப்பட்டு ஒரு பெண் நின்றுவிட்டால், போவது அவள் ஆரோக்கியம்தானே? மூடிய அறையில் பாடி ஸ்ப்ரேயை அடித்துத் தள்ளாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அங்கேயே மூச்சு இழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும்...

நேராக சோபாவில் சாயாதீர்கள்! முதலில் சோப்புப் போட்டுக் குளியல். இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். வியர்த்த துணியையும் இரண்டு துண்டுகளையும் பைக்குள்ளேயே புழுங்க விடாமல் அன்றைக்கே துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். உங்கள் துண்டு உங்களுக்கு மட்டும்தான். குழந்தை ஆசையாக எடுத்தாலும் கொடுக்காதீர்கள்.

ஜிம்மிலிருந்து வீட்டுக்கு நாம் கொண்டுவர வேண்டியது தெம்பு மட்டும்தான். அரிப்பும் கட்டியும் அல்ல! நாளைக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து ஒரு தடவை பாருங்கள்... துண்டு இருக்கிறதா? இரண்டும்?