எலக்ட்ரான் போகும் பாதை

போன மாதத் தேர்வில் "ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதிட்டோம். நானும்தான்! உள்ளே போவது அது, வெளியே வருவது இது, அப்போ அதிலிருந்துதானே வரணும் என்ற நினைப்பு. ஆனால் அது தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-ல் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன்-18 உள்ள தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே ஆக்சிஜன்-18 இருந்தது.

சரி, செடி எதுக்குத் தண்ணீரை உடைக்கணும்? எலக்ட்ரானுக்காக! பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் பி.எஸ்.2 என்று ஓர் அமைப்பு. அதன் நடுவில் உள்ள பச்சையம் பி680. வெளிச்சம் பட்டதும் அது ஓர் எலக்ட்ரானை வீசிவிடும். இழந்ததை எங்கிருந்தாவது பிடுங்காமல் விடாது. பக்கத்திலேயே 4 மாங்கனீசும் 1 கால்சியமும் சேர்ந்த கொத்து இருக்கு. அது 2 தண்ணீர் மூலக்கூறுகளை உடைத்து 4 எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும். மிச்சம் விழுவதுதான் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். செடிக்கு அது கழிவு!

வீசிய எலக்ட்ரான், சித்தாள்கள் செங்கல் கைமாற்றுகிற மாதிரி போகும். பிளாஸ்டோகுயினோன் வாங்கி சைட்டோகுரோமுக்குக் கொடுக்கும், அது பிளாஸ்டோசயனினுக்கு. வழியில் குறையும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் உட்புறம் சேரும். அவை திரும்பி வெளியே வரும் வேகத்தில் ஏ.டி.பி. தயார். களைத்துப் போன எலக்ட்ரான் பி.எஸ்.1-ல் உள்ள பி700-க்கு வந்து சேரும். அங்கே மறுபடி வெளிச்சம், மறுபடி ஒரு வீச்சு. ஃபெரிடாக்சின் வாங்கிக்கொடுக்க, கடைசியில் என்.ஏ.டி.பி.எச். உருவாகும். (2 முதலில், 1 அப்புறமா என்று குழம்பாதீங்க. கண்டுபிடித்த வரிசையில் எண் வைத்துவிட்டார்கள்!) 1960-ல் ஹில், பெண்டால் இருவரும் சொன்ன இந்தப் பாதையை வரைந்தால் ஆங்கில 'இசட்' எழுத்து சாய்ந்து படுத்த மாதிரி இருக்கும்.

நடுவில் ஒரு கை நின்னுபோனால்? மக்காச்சோளக் காட்டில் அட்ரசின் களைக்கொல்லி அடிப்பாங்களே, அது செய்வது இதைத்தான். பிளாஸ்டோகுயினோன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரான் நகர வழியில்லை. ஆனால் வெயில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆற்றல் போக இடமில்லாமல் இலையையே கருக்கிவிடும். களை பட்டினியில் சாவதற்கு முன்பே வெயிலில் கருகிப்போகிறது.

அப்போ மக்காச்சோளம் மட்டும் ஏன் சாகலை? அட்ரசின் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள், மக்காச்சோளம் அதை வேறு பொருளாக மாற்றி முடக்கிவிடும்.