தையல் யந்திரத்தின் செர்வோ மோட்டாரும் அதன் மின்சாரத் தேவையும்

நொய்டா, லூதியானா, பெங்களூரு, திருப்பூர் போன்ற ஆயத்த ஆடைத் தொழில் மிகுந்த நகரங்களில் தையல் யந்திரங்களை இயக்கி வந்த கிளட்ச் மோட்டார்களின் இடத்தைச் செர்வோ மோட்டார்கள் பெருமளவில் பெற்றுள்ளன. சிறு தையற்கூடங்களும் பயிற்சி நிலையங்களும் அவற்றையே வாங்க முற்படுகின்றன. அப்பொழுது களப்பணியாளரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “பழைய மோட்டாரின் தகட்டில் 400 வாட்டு என்றுள்ளது, புதியதில் 550 வாட்டு என்றுள்ளது. அவ்வாறாயின் புதியது மின்சாரத்தை அதிகமாகச் செலவழிக்காதோ?” என்பதே அது.

கேள்வி நியாயமானதே. ஆனால் இதனுள் உண்மையில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. மாத முடிவில் எத்தனை யூனிட்டு செலவாகும்? எவ்வளவு மின்பளுவுக்கு அனுமதி பெற வேண்டும்? கம்பி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும்? தகட்டிலுள்ள ஒரே எண்ணைக்கொண்டு இம்மூன்றிற்கும் விடை காண முயல்வதே குழப்பத்திற்குக் காரணமாகும்.

இருவகை மோட்டார்கள்

கிளட்ச் மோட்டார் என்பது ஒரு தூண்டல் மோட்டார். இருதுருவ வகையாயின், நம் நாட்டின் 50 சைக்கிள் மின்சாரத்தில் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 2800 சுற்று சுழலும். காலையில் விசையைப் போட்டதும் சுழலத் தொடங்கி, மாலையில் நிறுத்தும்வரை ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். தொழிலாளி மிதியை அழுத்தும்போது, சுழலும் மோட்டாருடன் தேய்வுத் தட்டு ஒன்று பொருந்தி, யந்திரத்தை ஓட்டுகிறது. துணியை மடிக்கும்போதும், பாபினை மாற்றும்போதும், தைத்த துண்டுகளைக் கட்டும்போதும் மோட்டார் வீணே ஓடுகிறது.

மெதுவாகத் தைக்கும்போதும் விரயம் உண்டு. ஒரு நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையுடன் 2800 சுற்று வேகத்தில் சுழலும் தண்டின் திறன் 293 வாட்டு. தொழிலாளி தட்டை நழுவவிட்டு, பத்தில் ஒரு பங்கு வேகத்தில் தைப்பதாகக் கொள்வோம். அதே முறுக்கு விசைக்கு யந்திரத்தைச் சேர்வது 29 வாட்டு மட்டுமே. எஞ்சிய 264 வாட்டு தேய்வுத் தட்டில் உஷ்ணமாக மாறி வீணாகிறது.

செர்வோ என்னும் சொல் ‘பணியாள்’ எனப் பொருள்படும் லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. கப்பற் சுக்கானைத் திருப்பும் நீராவிச் சாதனங்களை விளக்கி, 1873-ல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ழோசெஃப் ஃபார்கோ எழுதிய நூலில் இச்சொல் இடம்பெற்றது. இட்ட கட்டளையையும் நிகழும் இயக்கத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்வது செர்வோவின் இலக்கணமாகும்.

தையல் யந்திரத்தில் கட்டளையிடுவது தொழிலாளியின் பாதம். மிதி எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதை ஓர் உணர்கருவி கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கிறது. 230 வோல்ட்டு மாறுமின்சாரத்தை அப்பெட்டி ஏறக்குறைய 325 வோல்ட்டு நேர்மின்சாரமாக மாற்றி, வேண்டிய வேகத்திற்கு ஏற்பச் சுருள்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. மோட்டாரின் சுழலும் பகுதி நிலைக்காந்தத்தால் ஆனது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடுகிறது. அப்பொழுது பெட்டியின் மின்னணுச் சுற்றுகளுக்கு வேண்டிய சில வாட்டு மட்டுமே செலவாகும்.

யூனிட்டுக் கணக்கு

தகட்டிலுள்ள 550 வாட்டு என்பது மோட்டாரின் ஆற்றல் எல்லையைக் குறிப்பது. யந்திரம் நின்ற நிலையிலிருந்து ஒரு நொடிக்குள் முழு வேகத்தை எட்டும்போதும், தடித்த துணியின் மடிப்பை ஊசி துளைக்கும்போதும் அத்திறன் சிறிது நேரம் தேவைப்படலாம். மெல்லிய பருத்தித் துணியைச் சீராகத் தைக்கும்போது அத்தனை தேவையில்லை.

பத்து யந்திரங்களுள்ள ஒரு பயிற்சி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை. அதில் ஊசி ஓடுவது நான்கில் ஒரு பங்கு நேரம் எனக் கொள்வோம். கிளட்ச் மோட்டார் வீணே ஓடும்போது 180 வாட்டும், தைக்கும்போது 300 வாட்டும் வாங்குவதாக வைத்தால், சராசரி 210 வாட்டு. செர்வோ மோட்டார் நிற்கும்போது 8 வாட்டும், தைக்கும்போது 160 வாட்டும் வாங்குவதாக வைத்தால், சராசரி 46 வாட்டு. பத்து யந்திரங்களுக்கு முதல் வகையில் நாளொன்றுக்கு 16.8 யூனிட்டும், இரண்டாம் வகையில் 3.68 யூனிட்டும் செலவாகும். 300 நாட்களில் வேறுபாடு 3936 யூனிட்டு.

இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. யந்திரத்திற்கு யந்திரம் இவை மாறும். ஊசி இடைவிடாது ஓடும் நீண்ட தையல்களில் லாபம் குறையும். அடிக்கடி நிறுத்தித் தைக்கும் வேலையில் கூடும். ஆயினும் தகட்டில் பெரிய எண்ணைத் தாங்கிய மோட்டார் குறைவாகச் செலவழிப்பது எவ்வாறு என்பது இதனால் விளங்கும்.

மின்பளுவும் கம்பியும்

இனி இரண்டாவது கேள்வி. பத்து மோட்டார்களின் தகட்டு எண்களைக் கூட்டினால் 5.5 கிலோவாட்டு ஆகிறது. பத்துப் பேரும் ஒரே கணத்தில் உச்ச நிலையில் தைப்பது அரிது. ஆதலால் நிலையத்தின் உண்மையான தேவை அதனினும் மிகக் குறைவாகவே இருக்கும். எனினும் அனுமதி பெறும் அளவு, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் விதிப்படியே அமைய வேண்டும். தேவையின்றி உயர்த்திக் கேட்டால் மாதந்தோறும் நிலைக்கட்டணம் கூடும். மற்றொன்றும் மறக்கலாகாது: 1000 வாட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று சூடேறும்போது வாங்கும் திறன், மேற்கண்ட பத்து மோட்டார்களின் சராசரித் தேவையைவிட இரு மடங்குக்கு மேல். மின்பளுக் கணக்கில் தையல் யந்திரத்தை மட்டும் எண்ணி, இஸ்திரிப் பெட்டியை விட்டுவிடுவது பெரும் பிழையாகும்.

மூன்றாவது கேள்வியே ஆபத்தோடு தொடர்புடையது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்தேக்கி, மின்னழுத்தம் உச்சத்தை அடையும் சிறு நேரத்தில் மட்டும் மின்னோட்டத்தை விட்டுவிட்டு இழுத்துக்கொள்கிறது. இதனால் திறன் காரணி தாழ்கிறது. அது 0.6 ஆயின், 550 வாட்டு வாங்கும்போது மின்னோட்டம் 2.4 ஆம்பியர் அன்று, ஏறக்குறைய 4 ஆம்பியர் ஆகும். ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டு எண்ணை 230-ஆல் வகுத்துவிடாமல், தகட்டில் ஆம்பியர் அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதனையே கொள்ள வேண்டும்.

யந்திரங்களை மூன்று பேஸ்களுக்கும் பகிர்ந்து இணைக்கும் கூடங்களில் மேலும் ஒரு கவனம் வேண்டும். சாதாரண மின்பளுவாயின், மூன்று பேஸ்களின் மின்னோட்டங்களும் நியூட்ரல் கம்பியில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இங்கோ மின்னோட்டத் துடிப்புகள் வெவ்வேறு கணங்களில் வருவதால் அவ்வாறு ஈடாவதில்லை; ஒவ்வொன்றும் நியூட்ரல் வழியே திரும்புகிறது. அக்கம்பியின் மின்னோட்டம் பேஸ் கம்பியினதைவிட மிகுதியாகவும் கூடும். ஆதலின் நியூட்ரலுக்கு மெல்லிய கம்பி இடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். மின்தடை நீங்கியதும் எல்லாப் பெட்டிகளின் மின்தேக்கிகளும் ஒருங்கே மின்னேற்றம் பெற முனையும். அதனால் மின்சாரம் நின்றவுடன் விசைகளை அணைத்துவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாகப் போடுவது நலம்.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

மின்னணு மீட்டரின் முகப்பில் விட்டுவிட்டு ஒளிரும் சிறு விளக்கு ஒன்றுண்டு. ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் குறித்திருந்தால், ஒரு துடிப்பு 0.3125 வாட்டு மணியைக் குறிக்கும். மற்ற எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு, ஒரு மாணவர் வழக்கம்போல் தைக்க, மற்றொருவர் 10 நிமிடத்தில் நிகழும் துடிப்புகளை எண்ணட்டும். அவ்வெண்ணை 1.875-ஆல் பெருக்கினால் சராசரி வாட்டு கிடைக்கும். மேற்கண்ட கணக்கின்படி கிளட்ச் மோட்டாருக்கு 112 துடிப்பும், செர்வோவிற்கு ஏறத்தாழ 25 துடிப்பும் வர வேண்டும். தம் நிலையத்தில் என்ன வருகிறது என்று மாணவர்கள் தாமே கண்டறிவது, எந்த அட்டவணையைக் காட்டிலும் பயன் தரும்.

பாதுகாப்பு

யந்திரத்தின் உலோகப் பகுதிக்கும் மோட்டாருக்கும் எர்த் இணைப்பு இன்றியமையாதது. பெட்டியிலுள்ள வடிகட்டியின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் எப்பொழுதும் எர்த் கம்பிக்குக் கசியும். இருமுனைப் பிளக்கைப் பயன்படுத்தினால் அதற்கு வழியின்றி, யந்திரத்தைத் தொடும் கையில் சுரீரென்னும் உணர்ச்சி தோன்றும். விசையை அணைத்த பின்னரும் மின்தேக்கியில் ஆபத்தான மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பயிற்சி பெறாதோர் பெட்டியைத் திறத்தல் கூடாது.

இறுதியாக, செர்வோவின் சிறப்பே ஓர் அபாயமுமாகும். கிளட்ச் மோட்டாரின் இரைச்சல், யந்திரம் உயிரோடிருப்பதைத் தொழிலாளிக்கு ஓயாது நினைவூட்டியது. செர்வோவோ ஓசையின்றிக் காத்திருக்கிறது. அணைந்துவிட்டதென்று எண்ணி ஊசியில் நூல் கோக்கும்போது, பாதம் மிதியில் சற்றே பட்டாலும் ஊசி விரலில் பாயும். நூல் கோக்குமுன் விசையை அணைக்கும் பழக்கத்தை முதல் நாள் முதலே மாணவர்களிடம் ஏற்படுத்துவது ஆசிரியர்களின் கடமையாகும்.