உடம்பும் உழைப்பும் – 9: ரிக் வண்டிக்காரரின் குறுக்கு

போர்வெல் என்றாலே திருச்செங்கோடுதான். மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றுவதோடு நிற்காமல், ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் இந்த ஊர் ரிக் வண்டிகள் போய்த் துளை போடுகின்றன. கோவையில் செய்த சப்மெர்சிபிள் மோட்டார் எங்கோ ஒரு வடநாட்டுத் தோட்டத்தில் இறங்கும்போது, அந்தக் குழியும் கொங்குக்காரர் போட்டதாகவே இருக்கலாம். ஊருக்கு இது பெருமை. வண்டியோடு போய் வந்தவர்களின் இடுப்பைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

பெரும்பாலும் இரண்டு லாரிகள் சேர்ந்தே கிளம்பும். ஒன்றில் ரிக், மற்றதில் கம்ப்ரஷரும் ராடுகளும். துளை போடும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். ஒரு பாயிண்ட் முடிந்தால் இரவோடு இரவாக அடுத்த பாயிண்ட். தார் ரோடு தீர்ந்ததும் வண்டித்தடம், அதுவும் தீர்ந்தால் உழுத காடு.

ராடு ஒன்று வழக்கமாக 20 அடி. ஆயிரம் அடி ஆழம் என்றால் 50 ராடு உள்ளே இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஐம்பதும் திரும்ப மேலே வர வேண்டும். தூக்குவதற்கு வின்ச் இருக்கிறது, சரி. ஆடுகிற ராடை அணைத்துப் பிடித்து மரையில் உட்கார வைப்பதும், கழற்றி அடுக்குவதும் ஆள்தானே?

ஓட்டுவது ஒரு வேலை, தூக்குவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் கோளாறு. நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான குலுக்கலுக்கு, உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டு அதே தாளத்தில் கூடவே ஆடும். லாரி சீட்டின் அதிர்வில் பெரும்பங்கு ஏறக்குறைய இந்த எல்லையில்தான் விழுகிறது. கூன் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் தளர்ந்துபோகும், தசையும் சோர்ந்துவிடும். அந்த நிலையில் கேபினிலிருந்து குதித்து நேராக ராடைத் தூக்கப் போனால் பாரமெல்லாம் டிஸ்க்கின் தலையில். ஊரில் ‘ஜவ்வு விலகிருச்சு’ என்பார்கள். அதற்குப் பிறகு பெல்ட், தைலம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. அந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்பது தனிக் கதை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வேலையில் உடம்பு தாங்கக்கூடிய அதிர்வுக்கு அளவு வைத்துவிட்டது. எட்டு மணி நேரக் கணக்கில் 0.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. ஜெர்மனியில் 1993 முதல், பல வருட வண்டிக் குலுக்கலால் வரும் இடுப்பு டிஸ்க் நோய் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நம் 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நேரத்தைத்தான் எண்ணியது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 2025-இல் நடப்புக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்லதுதான், ஆனால் குளிர்காற்று குலுக்கலைக் குறைக்காது.

செலவில்லாத வழிகள் உண்டு. வண்டியை நிறுத்தியதும் ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு ராடைத் தொடலாம். ஓட்டி வந்தவரை முதல் ஒரு மணி நேரம் ரிக்கை இயக்கும் லீவர் பக்கம் நிறுத்திவிட்டு, ராடுக்கு வேறு ஆளை விடலாம். ஆனால் ரிக் உரிமையாளருக்குக் காசு அடிக்கணக்கில் வருகிறது. மழை பிடித்தால் வண்டி காட்டுக்குள் இறங்காது என்பதால், அதற்குள் முடிக்கிற அவசரம் வேறு. அந்தப் பத்து நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பேச்சு நின்றுபோகிறது.

(தொடரும்)