திருவனந்தபுரத்தில் 5 ஆண்டு, டெல்லியில் 5 ஆண்டு

பாலராமபுரம் சாலியர் தெருக்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, நீவி, வெயில் ஏறுமுன் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். இழை எண்ணிப் பழகிய கைகள். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ் நெசவாளர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். ஊர் இன்று கோவளம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. தெற்கே போனால் நெய்யாற்றின்கரை, பிறகு பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு.

குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போது இந்த எல்லைக்கு ஒரு கணக்கு உண்டு. பாறசாலை சட்டமன்ற உறுப்பினர் போடும் வாக்கின் மதிப்பு 152. எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோடு உறுப்பினரின் வாக்குக்கு 176. மாநிலத்தின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடியும் 1000ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். அன்று கேரளத்தில் 2 கோடியே 13 லட்சம் பேர், இப்போது உறுப்பினர்கள் 140. தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம் பேர், உறுப்பினர்கள் 234.

2022 ஜூலையில் திருவனந்தபுரத்தில் 140 பேரும் வாக்களித்தார்கள். இடது முன்னணி, ஐக்கிய முன்னணி இரண்டுமே எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் யஷ்வந்த் சின்காவை ஆதரித்தன. பா.ஜ.க.வுக்கு அப்போது அவையில் ஒரு இடம்கூட இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தபோது சின்காவுக்கு 139, பா.ஜ.க. நிறுத்திய திரௌபதி முர்முவுக்கு 1. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது, வாக்கும் ரகசியம்.

அந்த ஒரு வாக்கைப் பெற்று, தேர்தலிலும் வென்ற முர்மு, 2015 முதல் 2021 வரை ஜார்கண்டின் ஆளுநராக இருந்தவர். இதுவரை குடியரசுத் தலைவர் ஆன 15 பேரில் 6 பேர் ஆளுநர் பதவியைப் பார்த்தவர்கள். ஜாகிர் உசேன் பீகாரில், சங்கர் தயாள் சர்மா ஆந்திரம், பஞ்சாப், மகாராஷ்டிரத்தில், பிரதிபா பாட்டீல் ராஜஸ்தானில், ராம்நாத் கோவிந்த் பீகாரில். மிச்சமிருக்கும் வி.வி. கிரி, கேரளத்தின் ஆளுநராகவே இருந்தவர். அவர் கதையைச் சற்று நின்றுதான் சொல்ல வேண்டும்.

கிரி தமிழர்களுக்குப் புதியவர் அல்ல. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியாவின் ஹைகமிஷனர். 1960 ஜூலையில் திருவனந்தபுரம் வந்தவர் 1965 ஏப்ரல் வரை இருந்தார். அந்தக் கடைசி மாதங்கள்தான் சோதனை. 1964 செப்டம்பரில் ஆர். சங்கர் அமைச்சரவை கவிழ்ந்தது. 1965 மார்ச்சில் தேர்தல் நடந்தது. மொத்தம் 133 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரசுக்கு 36, புதிதாகப் பிறந்த கேரள காங்கிரசுக்கு 23. வென்ற மார்க்சிஸ்டுகளில் பலர் சிறையில் இருந்தார்கள். நிலையான அமைச்சரவை அமைக்க யாராலும் முடியாது என்று ஆளுநர் கிரி அறிக்கை அனுப்பினார். ஒருநாள்கூடக் கூடாமலே அந்தச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது.

வரிசையில் நின்று வாக்குப் போட்ட நெய்யாற்றின்கரைக்காரருக்கும் பாறசாலைக்காரருக்கும் அது எப்படி இருந்திருக்கும்! தேர்ந்தெடுத்த ஆள் அவைக்குள் கால் வைக்கவே இல்லை. அடுத்த தேர்தலுக்கு 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான்கே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். குடியரசுத் துணைத் தலைவராக இருந்த கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் ஜூலை 19 அன்று வந்தது. மறுநாள் அவர் பதவி விலகிச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். தி.மு.க. கிரியை ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரித்தது. 1965இல் எந்தக் கட்சி முதலிடம் பெற்ற அவை கலைந்ததோ, அதே கட்சியின் வாக்கு அவருக்கு விழுந்தது. அப்போது கேரள முதல்வர் அந்தக் கட்சியின் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. இரண்டாம் விருப்பம் வரை போய் முடிவான குடியரசுத் தலைவர் தேர்தல் இதுவரை அது ஒன்றுதான்.

ஆளும் கட்சிகள் ஏன் ஆளுநர் மாளிகைப் பக்கம் பார்க்கின்றன? அரசியல் சட்டத்தின் 58ஆவது பிரிவு வழிவிடுகிறது. ஆதாயப் பதவியில் இருப்பவர் போட்டியிட முடியாது. ஆனால் ஆளுநர் பதவி அந்தக் கணக்கில் வராது. அதனால் ராஜினாமா செய்யாமலே நிற்கலாம். இருந்தும் கோவிந்த் 2017இல் பெயர் அறிவிக்கப்பட்ட மறுநாளே விலகினார். தமிழ்நாட்டைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 2025இல் மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபடியே துணைத் தலைவர் தேர்தலில் நின்று, வென்ற பிறகு விலகினார். அதைவிட முக்கியம், இவர்கள் தினசரிக் கட்சிச் சண்டையிலிருந்து தள்ளி இருப்பவர்கள். எதிர்முகாமிலும் இரண்டு பேராவது நல்ல வார்த்தை சொல்வார்கள். கோவிந்துக்கு அதுதான் நடந்தது. அப்போது எதிரணியில் இருந்த நிதிஷ் குமார், தன் மாநில ஆளுநராகப் பழகியவர் என்பதால் அவரை ஆதரித்தார்.

எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் ஆளுநராக இருந்த மாவேலிக்கரைக்காரர் பி.சி. அலெக்சாண்டரின் பெயர் 2002இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் பலமாக அடிபட்டது. காங்கிரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அப்துல் கலாம் வந்தார்.

ஆளுநராக இருந்தவர் எப்படிப்பட்ட குடியரசுத் தலைவராவார்? ஆளுநராக அவர் போட்ட கையெழுத்துகளை எடுத்துப் படித்தாலே பாதி விடை கிடைக்கும். 1984இல் ஆந்திரத்தில் ஆளுநர் ராம்லால், என்.டி.ராமராவ் அரசைக் கலைத்துப் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பினார். அடுத்து வந்த சர்மா ஒரு மாதத்துக்குள் ராமராவை மறுபடி முதல்வராக்கினார். 1996இல் அவரே குடியரசுத் தலைவராக, தனிப்பெரும் கட்சியின் தலைவர் வாஜ்பாயை அழைத்தார். அந்த அரசு 13 நாளில் போனது. 2017இல் ஜார்கண்டில் பழங்குடியினர் நிலச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்கள் முர்முவிடம் வந்தன. அனுப்பியது அவர் சார்ந்திருந்த பா.ஜ.க.வின் அரசுதான். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

இதன் மறுபக்கம் கவலை தருவது. டெல்லியில் பெரிய பதவி காத்திருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால், மாநிலத்தின் மசோதாவைப் பார்க்கும் கண்ணும் டெல்லிப் பக்கம் திரும்பிவிடும். சர்க்காரியா ஆணையம் 1988இல் இதற்கு ஒரு வழி சொன்னது: பதவி முடிந்த ஆளுநர் அரசின் கீழ் வேறு எந்த ஆதாயப் பதவியும் ஏற்கக் கூடாது, தீவிரக் கட்சி அரசியலுக்கும் திரும்பக் கூடாது. நல்ல யோசனை. ஆனால் இரண்டாம் முறை ஆளுநராவதற்கும், குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தலுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. ஆசை பெரிதாக இருக்கும் கதவைத் திறந்தே வைத்துவிட்டது. 2023 நவம்பரில் கேரள ஆளுநர் 7 மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்ததை நினைத்தால் இதன் கனம் புரியும். ஒரு மாநிலத்தின் சட்டம் போகும் பாதையில் இந்த இரண்டு மாளிகைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அந்தத் தேர்தலில் திருவனந்தபுரம் சட்டமன்றக் கட்டடத்துக்கு வாக்குச்சீட்டும், அதில் எண் குறிக்க ஊதா மைப் பேனாவும் வந்து சேரும். அந்தப் பேனாவைப் பிடிக்கும் 140 பேரில் மூவர் கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வாக்காளர்கள் அனுப்பிவைத்தவர்கள். மூவருக்கும் சேர்த்து 456.