பதினைந்து வயது வண்டியும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

வண்டி நகரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. தரையில் பதித்த இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே காரின் முன்சக்கரங்கள் இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. அடியில் உள்ள மோட்டார் உருளையைச் சுற்ற, உருளை டயரைச் சுற்றுகிறது. வேகம் ஆள் நடக்கிற அளவுதான். "மெதுவா மிதிங்க... இன்னும் கொஞ்சம்... இப்ப முழுசா" என்று பக்கத்திலிருந்து குரல் வருகிறது. பிரேக் கவ்வியதும் டயர் நிற்கப் பார்க்கும், மோட்டார் விடாது. அந்த இழுபறியில் எழும் விசையை ஓர் உணரி அளந்து திரையில் காட்டுகிறது. இடது சக்கரத்துக்கு ஓர் எண், வலதுக்கு ஓர் எண். பிறகு பின்சக்கரங்கள். நான்கையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் வருவதுதான் பிரேக்கின் திறன்.

எஃப்.சி. என்று ஊரே சொல்லும் தகுதிச் சான்று, லாரி, பஸ், டாக்சி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கோ அந்த நாள் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் வருகிறது. ஆர்.சி. புக்கின் காலம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் தன் வண்டியையும் ஒருவர் சோதிப்பார் என்பதே பலருக்குத் தெரிகிறது. 2022 ஏப்ரலில் காருக்கான மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தபோது எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சோதனையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். வண்டியில் ஏறி உட்கார்ந்து, சற்று வேகமெடுத்து, ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்ப்பதே நெடுங்காலமாகச் சோதனையின் மையம். அந்த இடத்துக்கு உருளை வரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான மத்திய விதிகள் வெளியாயின. பல இடங்களில் இன்னும் கால்தான் வேலை செய்கிறது. தேர்ந்த காலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் சில விஷயங்கள் அதற்கு எட்டாது.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் பிரேக் திறன் 70 சதவீதம் என்றால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். திறன் 50 சதவீதம் என்றால் 28 மீட்டர். எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் நல்ல கார் முழுதாக நின்றுவிட்ட அந்த 20ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மீட்டரிலும் பிரேக் சம அளவு ஆற்றலைத் தின்றாலும், வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் இறங்கும். குறுக்கே ஓடிவந்த பிள்ளை நிற்பது அந்தக் கடைசி மீட்டர்களில்.

இத்தனை பெரிய வித்தியாசம் ஓட்டுகிறவருக்கு ஏன் தெரிவதில்லை? பழைய வண்டி ஒரே நாளில் கெடுவதில்லை என்பதால்தான். லைனர் மாதத்துக்குக் கொஞ்சமாகத் தேய்கிறது. கால் அதற்கேற்பக் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் அழுத்தமாக மிதிக்கப் பழகிவிடுகிறது. "என் வண்டி பிரேக் கத்தி மாதிரி இருக்கும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் இன்றைய பிரேக்கை நேற்றைய பிரேக்கோடுதான் ஒப்பிடுகிறார்.

இன்னொரு காரணம் இயற்பியலில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. சாதாரணமாகவே பாதிக்கு மேல் சுமக்கும் முன்சக்கரங்கள், ஓங்கிப் பிடிக்கும்போது முக்கால் பங்கை நெருங்கிச் சுமக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. அதனால் பின்பக்க டிரம் பிரேக் அரைகுறையாக வேலை செய்தாலும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. உருளையில் பின்சக்கரத்தை ஏற்றியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றொன்று, இடவல வேறுபாடு. ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிந்து லைனர் நனைந்திருக்கலாம். காலிப்பரின் ஊசி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஓட்டுகிறவர் தன்னையறியாமல் ஸ்டீயரிங்கைச் சற்றே மறுபக்கம் பிடித்துச் சமாளிப்பார். காய்ந்த சாலையில் அது போதும். மழையில், பாதி டயர் மணலிலும் பாதி தாரிலும் இருக்கும்போது, வண்டியே சுழன்றுவிடும்.

வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் காரில் இந்தத் தொல்லை அதிகம் என்பார்கள் மெக்கானிக்குகள். அங்கே பிரேக் தேய்ந்து கெடுவதில்லை, சும்மா கிடந்து கெடுகிறது. டிரம்மைத் தானே சரிசெய்துகொள்ளும் சின்னப் பல்சக்கரம் இறுகிவிடுகிறது, ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி நின்றுவிடுகிறது.

எஃப்.சி.க்கு முந்தின வாரம் ஒரு பட்டறையில் நடப்பதைப் பார்த்தால் சோதனையின் பாதி புரிந்துவிடும். ஓய்வுபெற்ற ஒருவர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்.

"என்ன பாய், வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுது சார். நிக்கணும்ல?"

ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார் பாய். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. வெளியே இழுத்து உள்ளே தள்ளி ஆட்டினார், அசைவில்லை. அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். 'டொக்' என்று மெல்லிய சத்தம். மேலும் கீழும் ஆடினால் வீல் பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ கோளாறு. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட். அரை மில்லிமீட்டர் தளர்வு டயரின் விளிம்புக்கு வரும்போது சில மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. கையளவிலேயே நெம்புகோல் தத்துவம். தானியங்கி நிலையத்தில் குழிக்கு மேல் இரண்டு தட்டுகள் சக்கரத்தை இப்படியும் அப்படியும் நகர்த்த, கீழேயிருந்து விளக்கடித்துப் பார்ப்பார்கள். பாயின் இரண்டு கைகள் செய்ததும் அதே வேலைதான்.

ஹெட்லைட்டில் தோற்கும் வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பாதிப் பழி உரிமையாளரின் ஆசையின் மேல் விழும். பழைய கார்களில் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகடு, ஒளி கீழ்நோக்கிப் போய்விடாமல் தடுக்கிறது. அதனால் கிண்ணத்தின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, சாலையை நோக்கிச் சாய்கிறது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காத அந்தக் கோடு இப்படித்தான் உருவாகிறது. இழை இருக்க வேண்டிய இடம் மில்லிமீட்டர் கணக்கில் வரையறுக்கப்பட்டது. அந்தக் கிண்ணத்துக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் இடமே மாறிவிடும். சுவரில் அடித்துப் பார்த்தால் பளீரென்று இருக்கும். சாலையிலோ பாதி மரத்தில் விழும், மீதி எதிரே வருகிறவர் முகத்தில். சோதனை நிலையத்தில் விளக்குக்கு முன்னால் தள்ளிவந்து நிறுத்தும் பெட்டிக்குள் ஒரு குவிவில்லை இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளியுள்ள திரையில் ஒளி எப்படி விழுமோ, அதைப் பெட்டிக்குள்ளேயே காட்டிவிடும். எல்.இ.டி. சிதறல் அதில் தப்பாது.

வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்பதற்காகத்தானே பல்பை மாற்றுகிறார்கள்? மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பே அல்ல. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். பதினைந்து வருடத்தில் பச்சை பூத்துப்போன ஓர் எர்த் இணைப்பு போதும், அந்தப் பத்து சதவீதத்தை விழுங்க. உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை இறுக்கினால் வெளிச்சம் திரும்பிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பையும் மெருகேற்றலாம். உள்ளே கிண்ணத்தின் பூச்சு உரிந்திருந்தால்தான் செலவு.

புகைச் சோதனையில் விதி ஒரு நியாயம் பார்க்கிறது. வண்டி பிறந்த காலத்தின் அளவுகோலால்தான் அதை அளக்கிறது. சும்மா நின்று ஓடும் பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு, பி.எஸ். 4 வண்டியில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பி.எஸ். 2, 3 வண்டிகளுக்கு 0.5. பி.எஸ். 4 சென்னைக்கு 2010 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதற்கும் 2017இல்தான். ஆக, 2012இல் சென்னையில் பதிவான காரும் அதே ஆண்டு வேறு மாவட்டத்தில் பதிவான காரும் வேறுவேறு வரம்புக்கு உட்பட்டவையாக இருக்கக்கூடும்.

அந்தச் சீட்டில் அச்சாகும் எண்களை, ஜெயித்ததா தோற்றதா என்று மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். அது ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை: அடைத்த ஏர் ஃபில்டர், கிழடான ஆக்சிஜன் சென்சார். ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: ஸ்பார்க் பிளக், பிளக் வயர். இரண்டும் ஏறியிருந்தால் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி மாற்றியைச் சந்தேகிக்கலாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு 250, 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் வேலையைத் தொடங்கும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் நிலையத்துக்கு நேராகப் போனால், நல்ல காரும் தோற்கலாம். இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போவது ஏமாற்று அல்ல.

ஏமாற்று வேறு இருக்கிறது. பழைய டீசல் லாரியில் பம்ப்பின் எரிபொருள் அளவைக் குறைத்து வைத்துப் புகையைக் காட்டிவிட்டு, அடுத்த நாளே பழையபடி திருகிவிடுவது. எஃப்.சி.க்கு மட்டும் வாடகைக்கு நல்ல டயர் மாட்டுவது. டயரின் காடி ஆழம் காருக்கும் லாரிக்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர வண்டிக்கு 0.8. அளப்பது ஆழத்தை மட்டும்தான். சும்மா நின்ற காரின் டயரில் காடி புதுசு போலவே இருக்கும். ரப்பர் மட்டும் ஆக்சிஜனும் ஓசோனும் தின்று விறைத்திருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அதே சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த டயரை நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன், எந்தச் சான்று இருந்தாலும்.

துருவைப் பற்றியும் இதே கதைதான். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. அதனால்தான் பெயின்ட் முதலில் கொப்புளிக்கிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதை விரைவுபடுத்தும். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் கண் ஏமாறும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டியில் ஒட்டாது.

பிரிட்டனில் 1960இல் பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு முதன்முதலாகச் சோதனை கட்டாயமானபோது பார்த்தது பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் மட்டும்தான். அதிலேயே தோற்ற வண்டிகள் ஏராளம். மறு ஆண்டே வயது வரம்பை ஏழாகக் குறைத்தார்கள், 1967இல் மூன்றாக. இன்று அங்கே மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை. ஜப்பானில் முதல் மூன்று ஆண்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நம் சொந்தக் காருக்கு முதல் சோதனை பதினைந்தாவது வயதில், அடுத்தது ஐந்து ஆண்டு கழித்து. இருபது வயதை நோக்கிப் போகும் வண்டிக்கு இந்த இடைவெளி மிக அதிகம் என்பது என் கருத்து.

சோதனையில் தேறிவிட்டாலும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, அதற்கு ஓர் உதாரணம் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். உருளையில் சில நொடிகள் மிதிக்கும்போது எதுவும் கொதிக்காது. எண் அழகாக வரும், சான்றும் கிடைத்துவிடும். அதே காரில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய்த் திரும்புகிறீர்கள். காரவள்ளி அடிவாரத்துக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டன் எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ ஒரு கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடித்தால் அத்தனையும் பிரேக்குக்கு. ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழ் கட்டும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. ஆறியதும் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். தேடினால் குற்றம் கிடைக்காது.

பிரேக் ஆயிலின் மின்கடத்தலை அளந்து ஈரத்தைத் தோராயமாகக் காட்டும் பேனா அளவுக் கருவி பட்டறைகளில் இருக்கிறது. ரொம்பத் துல்லியம் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்ரோல் காரின் ஆயில் டப்பாவில் பாய் அதை நனைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு, குறையும்போதெல்லாம் ஊற்றியிருப்பதாகச் சொன்னார் அந்தப் பெரியவர். மாற்றியதே இல்லை.