பச்சைத் துணியும் ஒரு கழித்தல் கணக்கும்

ஜொகூரின் இஸ்கண்டார் புத்திரியில் பெரிய படப்பிடிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. முன்பு பைன்வுட் இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ் என்றார்கள். இப்போது இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ். 2014இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மார்க்கோ போலோ’ தொடரின் பல காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். தொடரில் வரும் பேரரசர் குப்ளாய் கானின் அரண்மனைக் கூடங்களை அரங்குக்குள் கட்டினார்கள். கட்டி மாளாத பிரம்மாண்டத்தைக் கணினி சேர்த்துக் கொடுத்தது.

இப்படி இல்லாத இடத்தைச் சேர்ப்பதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றை உங்கள் வீட்டு அஞ்சடியிலேயே செய்யலாம். ஒரே நிறத் திரைக்கு முன் நின்று காணொளி எடுக்க வேண்டும். பிறகு அந்த நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு, அங்கே வேறு காட்சியை வைக்க வேண்டும். இதற்குக் குரோமா கீ என்று பெயர். 1940இல் வெளியான ‘த தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையை வைத்து இந்த வித்தையைச் செய்தார். அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. படங்களில் கணினியைப் பயன்படுத்தாத காலம் அது. பிலிம் சுருள்களைப் பொருத்திப் பொருத்தி அச்சிட்டுத்தான் அதைச் சாதித்தார்கள்!

இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செயலி செய்கிறது. ஆனால் எது துணி, எது நீங்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்குத் துணியும் தெரியாது, உங்களையும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல வெளிச்சத்தில் பச்சைத் துணியின் ஒரு புள்ளி: சிவப்பு 40, பச்சை 180, நீலம் 60. பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழியுங்கள். 180 − 60 = 120. இனி உங்கள் கன்னம்: சிவப்பு 150, பச்சை 105, நீலம் 80. கழித்தால் 105 − 150 = −45. கறுப்பு முடியில் மூன்று எண்களுமே சிறியவை, அதனால் விடை பூச்சியத்தை ஒட்டி வரும். ‘விடை 80க்கு மேல் போனால் அந்தப் புள்ளியை நீக்கு’ என்று கட்டளை கொடுத்தால், துணி மறையும், நீங்கள் நிற்பீர்கள். கறுப்போ வெளுப்போ மாநிறமோ, மனிதத் தோலில் பச்சையைவிடச் சிவப்பே அதிகம். பச்சையைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம். இன்னொன்று கேமராவுக்குள் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. அதில் நான்கு உணர்புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆகவே பச்சையைக் கேமரா தெளிவாகப் பதிவுசெய்கிறது.

சரி, துணியில் ஒரு சுருக்கம் இருந்தால்? அந்த நிழலில் எண்கள் 20, 70, 30 என்று இறங்கிவிடும். விடை வெறும் 40. செயலி அதை நீக்காது. பின்னணியாக வைத்த லேடாங் மலை உச்சியில் நீங்கள் நிற்கும்போது பக்கத்தில் ஓர் அழுக்குப் பச்சைக் கோடும் நிற்கும். நீக்கும் எல்லையை 80இலிருந்து 30க்குக் குறைத்தால் கோடு போய்விடும். ஆனால் துணியில் பட்டுத் தெறித்த பச்சை ஒளி உங்கள் வெள்ளைச் சட்டையின் தோளில் விழுந்திருக்கும். அங்கே 150, 190, 155 என்றால் விடை 35. தோளில் ஓட்டை விழும்! செயலியோடு மல்லுக்கட்டுவதைவிடத் துணியையும் ஒளியையும் ஒழுங்கு செய்வதே மேல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

துணிக்கடையில் மங்கலான பருத்தித் துணி கேளுங்கள். சாட்டின் வேண்டாம். பளபளப்பான பரப்பில் படும் விளக்கொளி, துணியின் நிறத்தை ஏற்காமல் வெள்ளையாகவே திரும்பி வரும். அங்கே மூன்று எண்களும் சமமாகிவிடும். சொரசொரப்பான பருத்தி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அம்மாவோ அப்பாவோ இஸ்திரி போட்டுக் கொடுத்ததும், துணியைக் கொடிக்கயிற்றில் விறைப்பாக இழுத்துக் கிளிப் போடுங்கள். துணி கிடைக்காதவர்கள் பச்சை மணிலா அட்டையை வளைத்து நிறுத்தி, பொம்மைகளை வைத்து எடுக்கலாம்.

இனி வெளிச்சம். ஜொகூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய மாநிலம். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு வெளிச்சம் அடிக்கடி மாறும். அதனால் காலை நேர அஞ்சடி நிழலே நல்லது. அங்கே ஒளி பரவலாக விழும். துணியைப் படமெடுத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எங்கும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் வெளிச்சம் சரி. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். துணியிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழலும் துணியில் விழாது, தெறிக்கும் பச்சையும் உங்களை அதிகம் எட்டாது.

பச்சை பாஜு போட்டுக்கொண்டு வந்தால் தலையும் கைகளும் மட்டும் மிதக்கும். வாழையிலையைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? அப்படியானால் நீலத் துணி கட்டிவிட்டு, கழித்தல் கணக்கை நீலத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

இனிப் பின்னணிப் படம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயில் நின்று பேசுவதுபோல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து வர, உங்கள் முகத்தில் வலப்பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும். ஆகவே பின்னணிப் படத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். அதில் நிழல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கவனித்துவிட்டு, அதற்கேற்பத் துணியை எந்தத் திசையில் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.