பொதுவும் சிறப்பும்: கனடாக் கூட்டாட்சியில் கியூபெக்கின் தனிநிலை

பல மாகாணங்கள் கூடி அமைந்த நாடொன்றில் ஒரு மாகாணம் மட்டும், 'எம் மக்கள் ஏனையோரின் வேறாயதொரு சமுதாயத்தினர். அவ்வுண்மையை நாட்டின் அரசியற் சட்டம் எடுத்து மொழிதல் வேண்டும்' எனக் கேட்குமாயின், அதற்கு இசைவது முறையாகுமா? கனடா நாட்டார் இவ்வினாவிற்கு விடைகாண நெடிது முயன்றுள்ளனர். கேட்ட மாகாணம் பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக். மொழியும் இலக்கியமும் பயில்வார்க்கு இவ்வினா புறம்பானதன்று. ஒரு மொழி தன் நிலத்தில் நிலைபெற்று வாழச் சட்டத்தின் துணை எத்துணை வேண்டும் என்பதே இதன் உள்ளீடு. ஆதலின் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

2021 ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி கனடாவில் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் 85 இலட்சம் பேர் கியூபெக்கினர். அம்மாகாணத்தாருள் நான்கில் மூன்று பங்கினர்க்குப் பிரெஞ்சே தாய்மொழி. ஏனைய ஒன்பது மாகாணங்களிலும் ஆங்கிலமே பெருவழக்கிற்று. நியூபிரன்சுவிக்கில் மட்டும் பிரெஞ்சு மொழியினர் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக உள்ளனர். எனவே கியூபெக் தன்னகத்தே பெரும்பான்மையும் நாட்டகத்தே சிறுபான்மையும் ஆகிய இரு நிலைகளை ஒருங்கே உடையது. இவ்விரட்டை நிலையே சிக்கல் அனைத்திற்கும் வேராகும்.

வரலாறு காட்டும் நெறி

1608 ஆம் ஆண்டிற் சாம்பிளேன் என்பார் கியூபெக் நகரை நிறுவினார். 1759 ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த ஆபிரகாம் சமவெளியில் ஆங்கிலப்படை வென்றது. 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை அந்நிலத்தை ஆங்கில முடியின்கீழ்க் கொணர்ந்தது. ஆங்குக் குடியேறி வாழ்ந்த பிரெஞ்சு மக்கள் அந்நாளில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர். வென்றவர் முதற்கண் தம் சட்டத்தையே நாட்ட எண்ணினர், அது கைகூடவில்லை. 1774 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய கியூபெக் சட்டம், குற்றவியலில் ஆங்கில முறையை நிறுத்தி, சொத்து, குடியுரிமை முதலியவற்றிற் பழைய பிரெஞ்சு முறையை மீட்டளித்தது. கத்தோலிக்கர் அரசுப்பணி ஏற்கவும் வழி திறந்தது. தனிநிலை என்பது அண்மையில் எழுந்த வேட்கையன்று. இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே சட்டமாக அமைந்ததொன்று என்பது இதனாற் பெறப்படும்.

இந்நெறி பின்னர் ஒருமுறை பிறழ்ந்தது. 1837, 1838 ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சிகளை ஆராய வந்த டர்காம் பெருமகனார், 1839 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், பிரெஞ்சுக் கனடியர் வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்றும், அவரை ஆங்கிலேயரோடு கலந்து ஒன்றாக்குதலே அவர்க்கு நன்மை என்றும் கருதினார். அக்கருத்தினை ஒட்டி 1840 ஆம் ஆண்டின் இணைப்புச் சட்டம் பிரெஞ்சு மாகாணத்தையும் ஆங்கில மாகாணத்தையும் ஒன்றாக்கிற்று. சட்டமன்றப் பதிவுகளில் ஆங்கிலத்தையே மொழியாக்கிற்று. ஆயின் எட்டே ஆண்டுகளில், 1848 ஆம் ஆண்டில், அம்மொழித் தடையைப் பிரித்தானியப் பாராளுமன்றமே நீக்க நேர்ந்தது. இதற்கிடையில், கியூபெக் நகரிற் பிறந்த கார்னோ என்னும் அறிஞர் தம் கனடா வரலாற்றின் முதற்றொகுதியை 1845 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வரலாறு இல்லாத மக்கள் என்ற கூற்றிற்கு அந்நூலையே விடையாகக் கொள்வர். ஒரு மக்களின் தனித்தன்மையை மறுத்துச் சட்டம் செய்வதால் அத்தன்மை அழிவதில்லை. அது தன்னைத் தானே உணர்ந்து மேலும் உறுதி பெறுகின்றது என்பதற்கு இஃதொரு சான்று.

சட்டத்துள் அமைந்த சான்று

1867 ஆம் ஆண்டில் நான்கு மாகாணங்கள் கூடிக் கூட்டாட்சி கண்டன. 'மாகாணங்கள் அனைத்தும் ஒரு நிகரன. ஒன்றற்கு மட்டும் தனிநிலை தருதல் கூட்டாட்சிக்கு மாறு' என வாதிடுவோர் அவ்வாண்டின் சட்டத்தையே ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அதன் 94 ஆம் பிரிவு, சொத்தும் குடியுரிமையும் பற்றிய சட்டங்களை மாகாணங்களின் இசைவோடு ஒருபடித்தாக்க நடுவண் பாராளுமன்றத்திற்கு வழி வகுக்கின்றது. ஆண்டுக் கூறப்பட்ட மாகாணங்கள் ஒண்டாரியோ, நோவா சுகோசியா, நியூபிரன்சுவிக் ஆகிய மூன்றே. நான்காவதான கியூபெக் பெயர் சுட்டப்படவில்லை. 98 ஆம் பிரிவு, கியூபெக் நீதிமன்றங்களின் நடுவரை அம்மாகாண வழக்குரைஞருள்ளிருந்தே தெரிதல் வேண்டும் என்கின்றது. 133 ஆம் பிரிவு, நடுவண் பாராளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரு மொழிகளும் வழங்க உரிமை தருகின்றது. இக்கடப்பாடு அன்று ஒண்டாரியோவிற்கு விதிக்கப்படவில்லை; ஆங்கிலச் சிறுபான்மையினரைக் காக்கக் கியூபெக்கிற்கே விதிக்கப்பட்டது. தனிநிலை உரிமையாக மட்டுமன்றிக் கடமையாகவும் அமைந்தது என்பது ஈண்டு உணரத்தக்கது.

பின்னாளிலும் இந்நெறி தொடர்ந்தது. கியூபெக் 1954 ஆம் ஆண்டு முதல் தன் வருமான வரியைத் தானே தண்டி வருகின்றது. 1966 இற் பிற மாகாணங்களினின்றும் வேறான ஓய்வூதியத் திட்டம் கண்டது. குடியேற வருவோரைத் தெரிவதில் 1991 ஆம் ஆண்டின் உடன்பாட்டாற் பேருரிமை பெற்றது. உச்சநீதிமன்ற நடுவர் ஒன்பதின்மருள் மூவர் கியூபெக்கினராதல் வேண்டும் என்பது சட்டம்; ஏனெனில் அம்மாகாணத்தில் உரிமையியல் வழக்குகள் பிரெஞ்சு மரபில் வந்த தொகுப்புச் சட்டத்தாலேயே தீர்க்கப்படுகின்றன. எனவே 'தனிநிலை தரலாமா?' என்பதனினும், 'நடைமுறையில் உள்ளதொன்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளலாமா?' என வினவுதலே பொருந்தும்.

பெயர் சொல்லும் முயற்சியும் அதன் முறிவும்

நடைமுறையில் உள்ளதாயின் பெயர் எதற்கு என்பார்க்கு விடை கியூபெக்கிற்கு வெளியே வாழ்ந்த பிரெஞ்சு மொழியின் வரலாற்றில் உள்ளது. மானிட்டோபா மாகாணம் 1870 ஆம் ஆண்டில் இரு மொழி உரிமையோடு தோன்றியது. இருபதே ஆண்டுகளில், 1890 இல், அம்மாகாணச் சட்டமன்றம் பிரெஞ்சின் ஆட்சியுரிமையை நீக்கிற்று. அது செல்லாதென உச்சநீதிமன்றம் உரைத்தது 1979 ஆம் ஆண்டில்தான். நீதி வருமுன் ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் கழிந்தன. ஒண்டாரியோவும் 1912 ஆம் ஆண்டில் தன் பள்ளிகளிற் பிரெஞ்சுக் கல்வியைச் சுருக்கியது. மானிட்டோபாவிற் பிறந்த கபிரியேல் ருவா என்னும் நாவலாசிரியையார், தம் புகழ்பெற்ற முதல் நாவலைக் கியூபெக்கின் மோன்றியால் நகரில் 1945 இல் வெளியிட்டார். ஆங்குத்தான் அம்மொழிக்குப் பதிப்பகங்களும் படிப்போரும் ஒருங்கே இருந்தனர்.

கியூபெக்கினுள்ளும் நிலைமை செம்மையாக இருந்ததில்லை. 1963 இல் அமைந்த இருமொழி, இருபண்பாட்டு ஆணையம், 1961 ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு, கியூபெக்கில் வாழ்ந்த பதினான்கு இனப்பிரிவினரின் வருமானத்தை ஒப்பிட்டது. பெரும்பான்மையினராகிய பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றனர். வீட்டில் வாழும் மொழி தொழிலகத்தும் வாணிகத்தும் வாழாதாயின் மக்கள் அதனைத் தம் மக்கட்குக் கொடுக்கத் தயங்குவர். 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சட்டம் இவ்வச்சத்தினின்றே பிறந்தது.

1982 ஆம் ஆண்டில் கனடாவின் அரசியற் சட்டம் உரிமைப் பட்டயத்தோடு புதுக்கப்பட்டபோது, கியூபெக் அரசு அதற்கு இசைவு தரவில்லை. எனினும் சட்டம் அதனையும் பிணித்தது. இக்குறையைத் தீர்க்க 1987 இற் பிரதமர் மல்ரோனியும் மாகாண முதல்வர் பதின்மரும் மீச் ஏரி உடன்பாடு கண்டனர். கியூபெக் 'தனித்த சமுதாயம்' என்பதை உளங்கொண்டே அரசியற் சட்டத்திற்குப் பொருள் காணல் வேண்டும் என்பது அதன் முதன்மைக் கூறு. பாராளுமன்றத்தின் அதிகாரமோ பிற சட்டமன்றங்களின் அதிகாரமோ இதனாற் குறையாது எனவும் அவ்வுடன்பாடே கூறிற்று. ஆயினும் மானிட்டோபாவும் நியூபவுண்டுலாந்தும் காலவரையறைக்குள் இசையாமையின் 1990 சூன் 23 இல் அது முறிந்தது. 1992 ஆம் ஆண்டின் சார்லட்டவுன் உடன்பாடும் நாடளாவிய வாக்கெடுப்பில் தோற்றது. 1995 அக்டோபர் 30 இற் கியூபெக் மக்கள் பிரிந்து போதல் பற்றி வாக்களித்தபோது, போகலாம் என்றோர் 49.42 விழுக்காட்டினர்; வேண்டா என்றோர் 50.58 விழுக்காட்டினர். ஏறத்தாழ 54 ஆயிரம் வாக்குகளே நாட்டைப் பிரியாமற் காத்தன. பெயர் சொல்ல மறுத்தமையே இதற்கு முழுக் காரணம் என்னோம். பெருங்காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

மறுப்புரைகளை ஆராய்தல்

முதல் மறுப்பு, மாகாணச் சமன்மை. பிற மாகாணங்களும் தத்தமக்குரிய உடன்பாடுகளோடு சேர்ந்தனவே என்பது இதற்கு விடை. பிரித்தானியக் கொலம்பியா 1871 இல் இருப்புப்பாதை உறுதி பெற்றுச் சேர்ந்தது. மிகச் சிறிய பிரின்சு எட்வர்டு தீவிற்கு, மக்கள் தொகை எத்துணைக் குறையினும் பாராளுமன்றத்தில் நான்கு இடங்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. இவற்றை எவரும் சமன்மைக்குக் கேடெனக் கூறார்.

இரண்டாம் மறுப்பு, தனிமனித உரிமை. ஒரு சமுதாயத்தின் தனித்தன்மையைக் காக்கப் புகும் அரசு தனிமனிதரை நெருக்கலாகும் என்பர். இவ்வச்சம் பொய்யன்று. கடைப்பெயர்ப் பலகைகளிற் பிரெஞ்சன்றிப் பிறமொழி கூடாது என்ற விதியை 1988 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தள்ளியது. ஆயின் பிரெஞ்சைக் காக்கும் நோக்கம் தக்கதே என்றும், பிரெஞ்சு மேம்பட்டுத் தோன்றுதல் வேண்டும் என விதிப்பது ஏற்கத்தகும் என்றும் அம்மன்றமே வழி காட்டிற்று. கியூபெக் உடனே அதனை ஏலாது, விலக்குரிமையைக் கையாண்டு தடையைப் புதுப்பித்தது. அச்செயல் ஏனைய மாகாணத்தாரின் உள்ளத்தைத் திரித்து மீச் ஏரி உடன்பாட்டிற்கும் ஊறு செய்தது. 1993 இல் அம்மாகாணமே நீதிமன்றம் காட்டிய வழிக்குத் திரும்பிற்று. காத்தல் வேறு, விலக்கல் வேறு என்பது இதனால் தெளிவாம்.

மூன்றாம் மறுப்பே மிக வலியது. மானிட்டோபாச் சட்டமன்றத்தில் மீச் ஏரி உடன்பாட்டைத் தடுத்து நின்றவர் எலையா ஆர்ப்பர் என்னும் முதற்குடி உறுப்பினர். இரு குடியேற்ற இனங்களின் தனித்தன்மை பேசுவார், அவர்க்கு முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்தோரை மறந்தது ஏன் என்பது அவர்தம் மக்களின் வினா. 1995 இற் கியூபெக்கின் வடபாற் கிரீ மக்கள் தனியே வாக்கெடுத்து, தம் இசைவின்றித் தம்மைக் கனடாவினின்றும் பிரித்தல் ஆகாதென 96 விழுக்காட்டினர் உரைத்தனர். இதற்குக் கியூபெக் சார்பாளர் தரும் விடை எதுவும் எமக்கு நிறைவு தரவில்லை. ஆயின் இம்மறுப்பு தனிநிலைக் கோட்பாட்டை வீழ்த்துவதன்று. அதனை விரித்துக் கொள்ளுமாறு கேட்பது.

சொல்லும் பொருளும்

இவ்வழக்கின் நடுவே ஒரு சொல் நிற்கின்றது. பிரெஞ்சு மொழியார் தம்மைத் 'தனித்த சமுதாயம்' எனக் கூறியபோது, வேறுபாடு ஒன்றையே கருதினர். ஆங்கில மொழியாருட் பலர் அச்சொல்லில் உயர்வு என்னும் பொருளையும் கேட்டனர். தமிழிற் 'சிறப்பு' என்னும் சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்றலை நோக்கின் இம்மயக்கம் எளிதின் விளங்கும். மேன்மையும் சிறப்பு எனப்படும். பொதுவின் வேறாதலும் சிறப்பு எனப்படும். இலக்கண நூலார் சிறப்புவிதி என்றது பின்னைப் பொருளில். சிறப்புவிதி பொதுவிதியினும் உயர்ந்ததன்று; பொதுவிதி பொருந்தாத இடத்து நின்று, மொழியின் முறைமையைச் சிதையாமற் காப்பது. கியூபெக்கின் தனிநிலையும் இவ்வகையினது என்க.

முடிபு

2006 நவம்பரில் கனடாப் பாராளுமன்றத்தின் மக்களவை, கியூபெக் மக்கள் ஒன்றுபட்ட கனடாவினுள் ஒரு தேசிய இனத்தவர் என 265 வாக்குகட்கு 16 என்னும் அளவில் தீர்மானித்தது. தீர்மானம் சட்டமாகாது. 2022 இற் கியூபெக் சட்டமன்றம் தன் மொழிச் சட்டத்தின் வாயிலாக அக்கருத்தை 1867 ஆம் ஆண்டுச் சட்டத்துள் எழுதிற்று. அது ஒருதலையாக எழுதியது. பிற மாகாணங்கள் உடன் கையெழுத்திட்டதன்று. ஒருவர் தம்மைத் தாமே கூறிக்கொள்ளுதலும் உடன்வாழ்வோர் ஒப்புக்கொள்ளுதலும் ஒன்றாகா.

எனவே கியூபெக் தனிநிலைக்கு உரியதே என்பது எம் துணிபு. அத்தனிநிலை மூன்று வரம்புகட்கு உட்படல் வேண்டும்: அது மொழியையும் சட்ட மரபையும் காத்தற்கு உரியதாக, பிறமொழியை விலக்குதற்கு உரியதாகாமை, 1867 இல் ஏற்ற கடமையை மறவாது தன்னகத்து ஆங்கிலச் சிறுபான்மையினரைக் காத்தல், தான் கேட்கும் ஒப்புதலைத் தன் நிலத்து முதற்குடிகட்குத் தான் மறாமை. முன்னிரண்டற்கும் சட்டத்தில் ஓரளவு வழி உண்டு. மூன்றாவதே கியூபெக்கின் வாய்மையை அளக்கும் கோல். தனக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கும் வழங்கும்போதே ஒரு மக்களின் தனிநிலை பிறரால் ஐயமின்றி ஏற்கப்படும்.